வெள்ளிக்கையன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம்

வெள்ளிக்கையன் படத்தின் கடைசிப் பாகம் வெளியான அன்று, ஆத்துவாய்ப்பட்டினம் நூர் டாக்கீஸில் முதல் காட்சி முடிந்து, விளக்குகள் எரிந்து, முதலாளி ஹபீபுல்லா மரைக்காயர் புரொஜெக்டரை அணைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த பிறகும், திரையில் வெள்ளிக்கையன் பாறைமேல் உட்கார்ந்தபடியே இருந்தான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, வலது தோளுக்குக் கீழே வெறும் சட்டைக்கை காற்றில் படபடக்க உட்கார்ந்திருந்தான். மரைக்காயர் திரும்பவும் மேலே போய் ஒயரைப் பிடுங்கிப் போட்டார், கீழே வந்து மெயினை இறக்கினார், கொட்டகையில் விசிறிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றி நின்றன, கடல் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அவ்வளவு ஆத்திரம். காலையில் பாலூற்றிய கட்டவுட்டை மதியம் நாங்களே கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தோம், நாற்காலிகளை உடைத்தோம், அவன் முகம் அச்சடித்த பனியன்களைக் கழற்றி ரோட்டில் போட்டு மிதித்தோம். திரையில் ஒரு ஆள் போகாமல் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க யாருக்கு மனசிருந்தது?

ஆத்திரம் சும்மா வரவில்லை. சுனாமி வந்துபோன ஊர் இது. ஒருவரையாவது மண்ணுக்குக் கொடுக்காத வீடு எங்கள் குப்பத்தில் இல்லை. அதற்குப் பல வருஷம் கழித்து வந்த வெள்ளிக்கையன் மூன்றாம் பாகத்தில், தென்னை உயரத்துக்கு எழும்பி வரும் அலைக்கு எதிரே அவன் தனியாகப் போய் நின்று அந்த வெள்ளிக் கையை நீட்டுவான், அலை அப்படியே வானத்தில் நின்றுவிடும், மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விளையாடுவாள். அந்தக் காட்சிக்காக எங்கள் ஊர்க் கிழவிகள்கூடத் தியேட்டருக்கு வந்தார்கள். மரைக்காயர் அதை மட்டும் நிறுத்தித் திரும்பத் திரும்பப் போட்டார். விசிலடிப்பதற்குப் பதில் ஜனங்கள் அழுதார்கள், அழுதுவிட்டு விசிலடித்தார்கள்.

அவர்களில் ஒருவன் குமரகுரு. சுனாமியின்போது அவன் பள்ளிக்கூடப் பையன். அக்கா பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், தென்னந்தோப்பு வரைக்கும் வந்து பார்த்தபோது கையில் அக்கா இல்லை. வளர்ந்து படகோட்டி ஆகி, கல்யாணம் கட்டி, வெள்ளிக்கையன் ரசிகர் மன்றத்துக்குத் தலைவனும் ஆன பிறகு, தன் படகின் முகப்பில் வெள்ளிப் பெயிண்டால் ஒரு கையை வரைந்துவைத்தான். கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கைதான் முதலில் தெரியும்.

கடைசிப் பாகத்தில் கடல் அரக்கனோடு பெரிய சண்டை இருக்கும் என்று நாங்கள் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். படத்தில் சண்டையே இல்லை. ஜனங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன வெள்ளிக்கையன், கடைசியில் கடற்கரைக்கு வந்து, தோளிலிருந்து கையைத் திருகிக் கழற்றித் தண்ணீரில் வீசிவிட்டு, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிப் பாறையில் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் படம்.

எல்லோரும் உடைத்துக்கொண்டிருந்தபோது குமரகுரு எதையும் தொடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் போன பிறகு, "தலைவா, வெளையாட்டுக்குத்தானே?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து அவன் மனைவி தையல்நாயகி சொன்னாள்.

"அந்தாளு கையத் தூக்கி எறிஞ்சா எறிஞ்சிட்டுப் போறான். நீங்க சோத்துல கைய வைங்க."

"உனக்குப் புரியாது தையலு."

"புரியாமத்தான் இருக்கட்டும். கொழம்பு ஆறுது."

மற்ற ஊர்களில் ரசிகர்கள் பத்துப் பதினைந்து நாள் திட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். எங்களால் போக முடியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் அவன் இருந்தான். மரைக்காயர் புதிய படம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கதாநாயகனும் கதாநாயகியும் பனிமலையில் ஆடிப் பாட, அவர்களுக்கு முன்னால் வெள்ளிக்கையன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரைத்துணியைக் கழற்றிப் புதுத்துணி கட்டினார்கள், அதிலும் அவன் இருந்தான். துணியே வேண்டாம் என்று பின்சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள், ஈரம் காயுமுன்பே சுவரில் கடல் அசையத் தொடங்கியது. கடைசியில் மரைக்காயர் துணியைத் திரும்பக் கட்டிவிட்டு, கதவைச் சாத்தாமல் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்து கிடந்ததால் ஜனங்கள் உள்ளே போனார்கள். முதலில் திட்டுவதற்குப் போனார்கள். "துரோகி", "எங்க காசத் தின்னவனே", "எங்கள விட்டுட்டு உனக்கு என்னடா காத்து வேண்டிக்கெடக்கு" என்றெல்லாம் கத்தினார்கள், அவன் திரும்பவில்லை. பிறகு வெயிலுக்கு ஒதுங்கப் போனார்கள், ஏனென்றால் சித்திரை மாதத்தில் ஊரெல்லாம் வெந்துகொண்டிருந்தபோது திரையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கருவாடு விற்கும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பின்வரிசையில் படுத்துத் தூங்கினார்கள். முன்வரிசையின் கீழே மணல் சேர்ந்தது, கூட்டக் கூட்டச் சேர்ந்தது. பிள்ளைகள் சோழி பொறுக்கினார்கள். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போட்டோவில் வெறும் வெள்ளைத் துணிதான் விழுந்தது.

அவன் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறானே என்று யாரோ ஒரு அம்மாள் ஒருநாள் திரைக்கு முன்னாலிருந்த மேடையில் சோற்றை வைத்துவிட்டுப் போனாள், அடுத்த நாள் இன்னொருத்தி வைத்தாள். ரசிகர் மன்றம் இரண்டாகப் பிரிந்தது. அவன் களைத்துப்போனான், அவனை விட்டுவிடுங்கள் என்றது ஒரு மன்றம். கையை எறிய அவனுக்கு யார் உரிமை கொடுத்தது, அந்தக் கை நம்முடையது என்றது மற்றது. இரண்டு மன்றத்துக்கும் டீக்கடை முன்னால் அடிதடி நடந்து ஒருவனுக்குப் பல் போனது. குமரகுரு எதிலும் சேரவில்லை. கடலுக்குப் போகாத நாளெல்லாம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவனிடம் கேட்டான்.

"ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரு தலைவா. அது போதும்."

வாடைக்காற்று தொடங்கியபோது திரையிலும் கடல் நிறம் மாறியது. நண்டு தோண்டும் குழிகளையும் நுரையின் பழுப்பையும் பார்த்த எங்கள் ஆட்கள், இது வேறெங்கோ செட்டுப் போட்டு எடுத்த கடல் இல்லை, நம்ம கடல்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். அதை யாரும் ஆராயவில்லை. வலை பின்ன வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது, வேலை இருந்தது.

அந்த நாட்களில்தான் படத்தை எடுத்த இயக்குநர் கேள்விப்பட்டு ஊருக்கு வந்தார். ஊரே அவரை அடிக்கக் காத்திருந்தது, ஆனால் காரிலிருந்து இறங்கிய ஆளின் மெலிவைப் பார்த்ததும் யாருக்கும் கை எழவில்லை. அவர் உள்ளே வந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். குமரகுரு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ஏன் சார் அப்படி முடிச்சீங்க?"

"வேற முடிவு வரலங்க. எத்தனையோ தடவ எழுதிப் பாத்தேன். அவன் ஜெயிச்சா எனக்கே பொய்யா இருந்துச்சு."

"நாங்க என்ன நெசத்தப் பாக்கவா சார் டிக்கெட் எடுக்கறோம்? நெசம் எங்க வீட்லயே கெடக்கு."

குமரகுரு திரையைக் காட்டினான்.

"எழுந்திரிக்கச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் எடுத்தது கொஞ்ச நேரம்தாங்க. அதுக்கப்புறம் இருட்டுன்னு எழுதி முடிச்சிட்டேன். இப்ப அவன் உக்காந்திருக்கறது என் கணக்குல இல்ல, அவனா உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் காரில் ஏறிப் போனார், பிறகு வரவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. எச்சரிக்கை சொன்னபோது ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் எல்லாம் வெகுதூரத்தில் இருந்தன. புயல் கரையைக் கடந்து, மரங்கள் விழுந்து, கரண்ட் போய், ஓடுகள் பறந்து, எல்லாம் அடங்கிய பிறகு படகுகள் ஒவ்வொன்றாக நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. வெள்ளிக் கை வரைந்த படகு வரவில்லை. அதில் குமரகுருவும், தையல்நாயகியின் தம்பி அன்புச்செழியனும், இன்னும் இரண்டு பேரும் போயிருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து தேடியது, கப்பல் தேடியது, எங்கள் ஆட்களும் டீசல் தீரும்வரை தேடினார்கள். தையல்நாயகி தினமும் விடிந்ததும் கரைக்குப் போய் நின்றாள், வெயில் உச்சிக்கு ஏறியதும் வந்து வீட்டைக் கூட்டினாள், திரும்பவும் போனாள். அத்தனை நாளும் கொட்டகைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் மரைக்காயர் செருப்பில்லாமல் குப்பத்துக்கு ஓடிவந்தார். எழுபது வயசு ஆள் அப்படி ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

"தையலு, வா தாயி. கொட்டாயில படகு தெரியுது."

ஊரே ஓடியது. திரையில் வெள்ளிக்கையனின் இடது தோளுக்கு அப்பால், வெகுதூரத்தில், கவிழ்ந்த படகு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பலகையில் மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் முழங்காலில் நின்று மஞ்சள் கைலியை ஆட்டினான். மஞ்சள் கைலி யாருடையது என்று தையல்நாயகிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் நடந்ததைச் சொல்ல எங்களுக்கு இன்னும் வாய் கூசுகிறது. ஓடக்கூடிய படகெல்லாம் கடலில் இறங்கின. தியேட்டரில் இருந்தவர்கள் போனில் வழி சொன்னார்கள். "கெழக்கால போ", "இல்ல இல்ல, வடக்கால", "சூரியன் அவனுக்கு வலப்பக்கம் இருக்கு, அத வெச்சுப் பாரு" என்று கத்தினார்கள். கடலில் இருந்தவர்கள், "இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணிதான்" என்றார்கள். திரைக்குள் எங்கள் படகு ஏதாவது வருகிறதா என்று நாங்கள் கண்ணை அகலத் திறந்துகொண்டு பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. சிலர் திரைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தார்கள், அங்கே சுவர்தான் இருந்தது, சுவருக்கு அந்தப்புறம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கயிற்றை எறிந்தார்கள். கயிறு திரையில் மோதி மேடையில் விழுந்தது, எடுத்துப் பார்த்தால் நுனி உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது.

பிறகு எல்லோரும் வெள்ளிக்கையனைக் கூப்பிட்டார்கள். அவனைத் துரோகி என்றவர்களும், அவனுக்குச் சோறு வைத்தவர்களும், பல் போனவனும், பல்லை உடைத்தவனும் ஒன்றாக நின்று கூப்பிட்டார்கள். எந்திரி தலைவா, எந்திரி சாமி, எந்திரிடா நாயே, உன் காலில் விழுகிறோம் எந்திரி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். அவன் முதுகு அசையவில்லை.

தையல்நாயகி மட்டும் கத்தவில்லை. மேடையில் ஏறி, அவனுக்கு நேர் பின்னால், தொடும் தூரத்தில் போய் நின்றாள். திரையில் கைவைத்தாள், அது சில்லென்று இருந்தது, சுவர் போலக் கெட்டியாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவது போலப் பேசினாள்.

"நான் ஒன்னை எப்பவும் கும்பிட்டதில்ல. ஒரு நாளும் உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அந்த மனுசந்தான் ஒம்பின்னால சுத்துனாரு. அங்க இருக்கறது அவருதான். எங்களுக்குத்தான் வழி தெரியல. ஒனக்கு நேரா தெரியுதுல்ல? நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

வெள்ளிக்கையன் திரும்பினான்.

இத்தனை மாதம் கழித்து அந்த முகத்தை நாங்கள் பார்த்தோம். தாடி வளர்ந்து, உதடு வெடித்து, கண்கள் சிவந்து, எங்களில் எவனுடைய முகத்தையும் போல இருந்தது. அழுதிருந்தான். படகு கவிழ்ந்த நாளிலிருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். யாராவது வருவார்களா என்று காத்துக்கொண்டும் இருந்திருக்கிறான் போல. எங்கள் கூட்டத்தைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எங்களை நோக்கி மிச்சமிருந்த ஒற்றைக் கையை நீட்டினான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வந்து காப்பாத்துங்க என்று அவன் எங்களைக் கேட்கிறான் என்பது மெல்லத்தான் எங்களுக்குப் புரிந்தது.

தையல்நாயகி தலையை ஆட்டினாள். "எங்களால வர முடியலப்பா" என்றாள்.

அவன் தன் வெறும் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டினான்.

"தெரியுது. இருந்தாலும் போ" என்றாள் அவள். "அங்க ஒன்னை வுட்டா ஆளில்ல."

அவன் பாறையிலிருந்து இறங்கி, மணலில் நடந்து, தண்ணீருக்குள் போனான். இடுப்பளவு வந்ததும் குப்புற விழுந்து ஒற்றைக் கையால் நீந்தத் தொடங்கினான். அப்போது எழுந்த விசில் சத்தத்தை நூர் டாக்கீஸ் அதற்கு முன்பும் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், மரைக்காயர் நாற்காலிமேல் ஏறி நின்று குழந்தைபோலக் கைதட்டினார். படகில் இருந்தவர்களும் அவனைப் பார்த்துவிட்டார்கள், மஞ்சள் கைலி வேகமாக ஆடியது. அலை அவனைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது. பாதித் தூரம் போயிருப்பான். ஒரு அலை இறங்கியபோது அவன் தலை தெரிந்தது. அடுத்தது இறங்கியபோது தெரியவில்லை. இன்னும் ஓர் அலை இருக்கிறது, அதற்கடுத்த அலை இருக்கிறது என்று விசில் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாய் அடித்து ஓய்ந்தது.

அவன் வெறும் ஆள்தான். அவனைக் கடலில் இறக்கியது நாங்கள்.

மதியத்துக்குப் பிறகு படகில் இருவர் குறைந்திருந்தார்கள். சாயங்காலம் மஞ்சள் கைலியைத் தவிர யாரும் இல்லை. தையல்நாயகி மேடையிலிருந்து இறங்கவில்லை, யார் கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. "இருக்கேன்" என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள். திரையில் பொழுது சாய்ந்து, தண்ணீர் செம்மண் நிறமாகி, படகு ஒருதரம் எழும்பித் தாழ்ந்தபோது அதன்மேல் ஒன்றும் இல்லை. படகும் போனது. கடல் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்துவிட்டு, துவைத்த துணி போலத் திரை வெளுத்துப்போனது.

கருமாதி அன்று கரையில் வைத்துச் சடங்கு செய்தார்கள். போன ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பிண்டம் வைத்து முடித்த பிறகு, தையல்நாயகி இலையில் மிச்சமிருந்த சோற்றை உருட்டி இன்னொன்று வைக்கச் சொன்னாள். சடங்கு செய்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாருக்கும்மா? பேரு சொல்லணும். அப்பா பேரு தெரியுமா?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எத்தனையோ பாகம் பார்த்திருந்தோம், அவனுக்கு ஓர் அப்பா இருந்தாரா, அவர் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரத் தேடிப் போனவருக்குன்னு சொல்லி வைங்க" என்றாள்.

அதன்பின் நூர் டாக்கீஸில் வழக்கம்போலப் படங்கள் ஓடின. முன்வரிசையில் மணல் சேரவில்லை. குளிர்ந்த காற்றும் வரவில்லை, மரைக்காயர் விசிறிகளுக்குப் புது மோட்டார் வாங்கிப் போட்டார். கருவாடு விற்கிற பெண்கள் வேறு நிழல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மன்றங்களும் தங்கள் பெயர்ப்பலகைகளைத் தாங்களே கழற்றிவைத்தன. தையல்நாயகி இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலைக்குப் போனாள். அவளைப் பார்த்தால் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம், அவளும் எங்களைப் பார்த்தால் அப்படித்தான்.

அடுத்த வருஷம், ரசிகர்களின் மனக்குறையைத் தீர்ப்பதற்காக வெள்ளிக்கையன் திரும்ப வருகிறான் என்று படக் கம்பெனி அறிவித்தது. வந்த போஸ்டரில் அவனுக்கு இரண்டு கைகளுமே வெள்ளியில் மின்னின, முகம் மழமழவென்று இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு யாரும் மாலை போடவில்லை, யாரும் கிழிக்கவும் இல்லை. படப்பெட்டி வருவதற்கு முன்தினம் மரைக்காயர் தையல்நாயகியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"போடவா வேணாமான்னு நீ சொல்லு தாயி. நீ வேணாம்னா திருப்பி அனுப்பிடறேன்."

அவள் உரித்துச் சிவந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"போடுங்க பாய். ஒங்களுக்கும் பொழப்பு ஓடணும்ல."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். ஆனா கடல் வர்ற எடத்துல மட்டும் லைட்டப் போட்டுருங்க."

மரைக்காயர் அப்படியே செய்தார். படத்தின் நடுவில், பின்னணி இசை பெரிதாக எழும்பி, வெள்ளிக்கையன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அலையை நோக்கி ஓடத் தொடங்கியபோது, கொட்டகையின் எல்லா விளக்குகளையும் எரியவிட்டார். அந்த வெளிச்சத்தில் திரை வெளிறிப்போய் ஒன்றும் தெரியவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை, விசிலும் அடிக்கவில்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் கண் கூச ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அலை நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.